விண்டோஸ் 11 பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட்: ஷ்ரிங்க் ஆகவில்லை, பிட்லாக்கர், செக்யூர் பூட் சந்தேகங்கள்

வெண்பலகை:

வணக்கம் நண்பர்களே. விண்டோஸ் 11 ஹோம் ஓடும் லேப்டாப். 16 ஜிபி ரேம், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று, என்விடியா கிராபிக்ஸ். விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் 22 போட வேண்டும். விண்டோஸ் வேலைக்குத் தேவை, அதில் உள்ள எதுவும் போகக் கூடாது.

சி டிரைவில் 230 ஜிபி காலி. ஆனால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஷ்ரிங்க் வால்யூம் கொடுத்தால் 11,000 எம்பி சொச்சம்தான் சுருக்க முடியும் என்கிறது. மீதி எங்கே போகிறது?

இன்னொன்று, சி டிரைவ் ஐகானில் ஒரு பூட்டு தெரிகிறது. டிஸ்கை என்கிரிப்ட் செய்து பூட்டும் பிட்லாக்கரை நான் ஆன் செய்யவே இல்லை. ஹோம் எடிஷனில் அது கிடையாது என்றுதான் நினைத்தேன்.

கையொப்பமிட்ட பூட் லோடரை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டை ஆஃப் செய்தே ஆக வேண்டுமா? லேப்டாப்பில் இன்னொரு எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கிறது. லினக்ஸுக்கு என்று தனி எஸ்எஸ்டி வாங்குவது நல்லதா, இருப்பதிலேயே பிரித்துக்கொண்டால் போதுமா?

முனையம்:

முதலில் அந்தப் பூட்டைப் பார்த்துவிடுவோம். மற்ற எதில் தப்பு நடந்தாலும் சரிசெய்துவிடலாம். இதில் சாவி கையில் இல்லை என்றால் டேட்டா திரும்ப வராது.

ஹோம் எடிஷனில் பிட்லாக்கர் என்ற பெயரில் இருக்காது, டிவைஸ் என்கிரிப்ஷன் என்று இருக்கும். உள்ளே ஓடுவது அதே தொழில்நுட்பம்தான். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு லாகின் ஆனதும் பல லேப்டாப்களில் தானாகவே ஆன் ஆகிவிடும். 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. அதனால் நீங்கள் ஆன் செய்யவில்லை என்பது சரிதான், அது ஆன் ஆகியிருப்பதும் சரிதான்.

கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து "மேனேஜ்-பிடிஇ -புரொடெக்டர்ஸ் -கெட் சி:" கொடுங்கள். நியூமரிக்கல் பாஸ்வேர்ட் என்ற தலைப்பின் கீழ் 48 இலக்க எண் வரும், ஆறு ஆறாக எட்டுக் கட்டாக இருக்கும். அதுதான் ரெக்கவரி கீ. அதற்கு மேலே ஒரு ஐடி இருக்கும், அதன் முதல் 8 எழுத்தையும் சேர்த்துக் காகிதத்தில் எழுதுங்கள். போனில் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே லேப்டாப்பில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக வைப்பதில் எந்தப் பயனும் இல்லை, தேவைப்படும் நேரத்தில் அதைத் திறக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பக்கத்திலும் இந்தக் கீ சேமிக்கப்பட்டிருக்கும். வேறு ஒரு கருவியில் லாகின் செய்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்து, என்கிரிப்ஷனை முழுதாக நீக்கத் தேவையில்லை, வேலை முடியும் வரை நிறுத்திவைத்தால் போதும். "மேனேஜ்-பிடிஇ -புரொடெக்டர்ஸ் -டிசேபிள் சி: -ரீபூட்கவுண்ட் 0". கடைசியில் உள்ள அந்த 0 முக்கியம். அதை விட்டுவிட்டால் ஒரே ஒரு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு பாதுகாப்பு தானாகத் திரும்ப வந்துவிடும். நீங்கள் பயாஸில் (மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேரின் செட்டிங்ஸ்) ஏதாவது மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீலத் திரை வந்து கீ கேட்கும். எல்லாம் முடிந்தபின் அதே கமாண்டில் டிசேபிள் இருக்கும் இடத்தில் எனேபிள் போட்டு, ரீபூட்கவுண்ட் பகுதியை எடுத்துவிட்டு ஓட்டினால் பழையபடி ஆகிவிடும்.

இப்போது ஷ்ரிங்க். காலியிடம் 230 ஜிபி இருந்தாலும் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. விண்டோஸ் ஒரு பார்ட்டிஷனைப் பின் முனையிலிருந்து மட்டுமே சுருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது நகர்த்த முடியாத ஃபைல் ஒன்று பின்பக்கம் உட்கார்ந்திருந்தால் அதற்கு முன்னால் உள்ள காலியிடம் கணக்கில் வராது. பெரும்பாலும் பேஜ்ஃபைல் (ரேமுக்குத் துணையான ஃபைல்), ஹைபர்ஃபில் (ஹைபர்னேஷன் ஃபைல்), சிஸ்டம் ரெஸ்டோர் பாயிண்டுகள், எம்எஃப்டி (டிரைவின் ஃபைல் பட்டியல்) இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். எது என்று ஊகிக்க வேண்டாம். ஷ்ரிங்க் முயற்சி செய்த உடனே ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் பகுதிக்குப் போய் ஈவென்ட் ஐடி 259ஐத் தேடுங்கள். கடைசியாக வழிமறித்த ஃபைலின் பெயரை அதுவே சொல்லும்.

ஹைபர்ஃபில் என்றால் "பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்". இதைப் பெயர் எது வந்தாலும் செய்துவிடுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். பேஜ்ஃபைல் என்றால் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் விர்ச்சுவல் மெமரிக்குப் போய் நோ பேஜிங் ஃபைல் கொடுத்து ரீஸ்டார்ட். 16 ஜிபி ரேமில் அரை மணி நேரம் பேஜ்ஃபைல் இல்லாமல் ஒன்றும் ஆகாது, ஷ்ரிங்க் முடிந்ததும் பழையபடி ஆட்டோமேட்டிக் வைத்துவிடுங்கள். ரெஸ்டோர் பாயிண்ட் என்றால் சிஸ்டம் புரொடெக்ஷனை ஆஃப் செய்ய வேண்டும், பழைய பாயிண்டுகள் அழியும் என்பது தெரிந்தே செய்யுங்கள்.

எம்எஃப்டி என்று வந்தால் "டீஃப்ராக் சி: /எக்ஸ்" ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், காலியிடத்தை ஒன்றுசேர்க்கும். அப்படியும் அசையவில்லை என்றால் லைவ் யுஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் ஸ்டிக்) உள்ள ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவிதான் வழி. ஆனால் அதற்கு என்கிரிப்ஷன் முழுதாக நீக்கப்பட்டிருக்க வேண்டும், நிறுத்திவைத்தால் மட்டும் போதாது. ஜிபார்ட்டட்டில் சுருக்கிய பிறகு விண்டோஸ் முதல் தடவை வரும்போது செக்டிஸ்க் ஓடும். பாதியில் பவர் பட்டனை அழுத்தாமல் முடிய விடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை: மின்ட் 20 ஜிபி இருந்தாலே உள்ளே போய்விடும், 100 ஜிபி வைக்கச் சொல்வார்கள். 230 காலி இருக்கையில் 100 எடுப்பது நியாயம். ஷ்ரிங்க் பெட்டியில் அளவு எம்பியில் கேட்கும், 102400 என்று போடுங்கள். 100000 போட்டால் 97.6 ஜிபிதான் கிடைக்கும். சுருக்கிய இடத்தை அன்அலொகேட்டட் என்று கறுப்புப் பட்டையாகவே விடுங்கள். அதில் நியூ வால்யூம் உருவாக்க வேண்டாம், டிரைவ் லெட்டர் வேண்டாம். வலது ஓரத்தில் ரெக்கவரி பார்ட்டிஷன் ஒன்று சில நூறு எம்பியில் இருக்கும். கறுப்புப் பட்டை அதற்கும் சி டிரைவுக்கும் நடுவில் வரும், அது அப்படித்தான்.

பவர்சிஎஃப்ஜி ஏன் என்றால், அது ஹைபர்னேஷனோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் சேர்த்தே நிறுத்தும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருக்கும்போது ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக நிற்பதில்லை. கெர்னலை (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) ஹைபர்ஃபில்லில் எழுதிவிட்டுத் தூங்குகிறது, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் திறந்த நிலையிலேயே இருக்கிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் அதில் எழுதிவிட்டு, பிறகு விண்டோஸ் தன் பழைய நினைவோடு எழுந்தால் ஃபைல் சிஸ்டம் குலைந்துவிடும். அதனால்தான் லினக்ஸ் அந்த டிரைவை ரீட் ஒன்லியாக மட்டும் திறக்கிறது, அல்லது திறக்கவே மறுக்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் இந்தப் பிரச்சினை இல்லை, ஷட்டவுனில்தான். பெரிய விண்டோஸ் அப்டேட் வந்த பிறகு இந்த செட்டிங்கை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

இரட்டைச்சுழி:

ஸ்லாட் காலியா இருக்குன்னா தனி எஸ்எஸ்டிதான் என் ஓட்டு. ஒரே டிஸ்க்ல பிரிச்சாலும் தப்பில்லை, வேலை செய்யும். ஆனா விண்டோஸை என்னைக்காவது ரீஇன்ஸ்டால் பண்ணும்போது, பார்ட்டிஷன் லிஸ்ட்ல எதை அழிக்கிறது, எதை விடுறதுன்னு பதற்றத்தோட உட்காரணும். தனி டிஸ்க்னா லினக்ஸ் எஸ்எஸ்டியை கழட்டி வெச்சிட்டே விண்டோஸைப் போடலாம். லேப்டாப் கெட்டுப்போனாலும் அந்த எஸ்எஸ்டியை வேற மெஷின்ல போட்டா பெரும்பாலும் அப்படியே பூட் ஆகும்.

ஆனா ஒரு பொறி இருக்கு, இதைப் பலர் கவனிக்கிறதில்லை. மின்ட் 22ல வர்ற இன்ஸ்டாலர் பேர் யூபிக்விட்டி. அதுல "டிவைஸ் ஃபார் பூட் லோடர் இன்ஸ்டாலேஷன்"னு ஒரு கட்டம் இருக்கும். அங்க நீங்க ரெண்டாவது டிஸ்கைத் தேர்ந்தெடுத்தாலும், யூஇஎஃப்ஐங்கிற புது பூட் முறையில அது அதைக் கண்டுக்காம முதல் டிஸ்க்ல இருக்கிற விண்டோஸோட இஎஸ்பிலயே போய் எழுதிடும். இஎஸ்பின்னா பூட் ஃபைல்கள் இருக்கிற அந்தச் சின்ன ஃபேட்32 பார்ட்டிஷன், விண்டோஸ்ல வழக்கமா 100 எம்பி, லேப்டாப் கம்பெனி போட்டதுன்னா 260 எம்பி. அப்புறம் விண்டோஸ் டிஸ்கைக் கழட்டினா லினக்ஸும் வராது. தனி டிஸ்க் வாங்கினதே வீண்.

தப்பிக்க வழி: லினக்ஸ் போடுற நேரத்துக்கு மட்டும் விண்டோஸ் எஸ்எஸ்டியைக் கழட்டிடுங்க. சில மெஷின்ல பயாஸ்லயே அந்த ஸ்லாட்டை டிசேபிள் பண்ண முடியும். ரெண்டும் முடியலைன்னா லைவ் யுஎஸ்பில ஜிபார்ட்டட் திறந்து, விண்டோஸ் இஎஸ்பி மேல ரைட் கிளிக் பண்ணி மேனேஜ் ஃப்ளாக்ஸ்ல பூட், இஎஸ்பி ரெண்டு டிக்கையும் எடுத்துட்டு, புது டிஸ்க்ல 512 எம்பிக்கு ஒரு இஎஸ்பி உருவாக்கி இன்ஸ்டால் பண்ணுங்க. முடிஞ்சதும், ரீஸ்டார்ட் கொடுக்கிறதுக்கு முன்னாடியே, எடுத்த டிக்கைத் திரும்பப் போட்டுடணும். மறந்தா விண்டோஸ் பூட் ஆகலன்னு வந்து நிப்பீங்க.

விண்டோஸ் செட்டப்பும் இதே பழக்கம் உள்ளதுதான், ஏற்கனவே இஎஸ்பி இருக்கிற டிஸ்க்ல போய்த் தன் பூட் ஃபைலை வெச்சிடும். அதனால ரெண்டு டிஸ்க் வெச்சிருக்கிறவங்க எதை இன்ஸ்டால் பண்ணாலும் இன்னொண்ணைக் கழட்டிடறது பாதுகாப்பு.

பிட்நிழல்:

செக்யூர் பூட்டை ஆஃப் செய்ய வேண்டாம். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் எல்லாவற்றுக்கும் மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறிய பூட் லோடர் இருக்கிறது. ஃபர்ம்வேர் ஷிம்மைச் சரிபார்க்கும், ஷிம் லினக்ஸின் பூட் மெனுவான க்ரப்பைச் சரிபார்க்கும், அங்கிருந்து கெர்னல். இருந்தும் யுஎஸ்பி பூட் ஆகாமல் "செக்யூர் பூட் வயலேஷன்" வந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள்.

ஒன்று, சில புது லேப்டாப்களில் பயாஸில் "அலவ் மைக்ரோசாஃப்ட் தேர்ட் பார்ட்டி யூஇஎஃப்ஐ சிஏ" என்று ஒரு தேர்வு ஆஃபில் வருகிறது. ஷிம் கையொப்பம் அந்தச் சான்றிதழைச் சேர்ந்தது, அதை ஆன் செய்ய வேண்டும். மற்றொன்று, ஐஎஸ்ஓ (இறக்கிய இன்ஸ்டால் ஃபைல்) பழையதாக இருப்பது. 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட் பழைய ஷிம் பதிப்புகளைத் தடைசெய்யும் எஸ்பிஏடி என்ற பட்டியலைப் புதுப்பித்தது. டூயல் பூட் மெஷின்களைத் தொடாது என்று சொல்லப்பட்டிருந்தும் பலவற்றில் போய்விட்டது. "வெரிஃபையிங் ஷிம் எஸ்பிஏடி டேட்டா ஃபெயில்டு" என்ற செய்தி வந்து மெஷின் அணைந்துவிடும். அதனால் எப்போதோ இறக்கிவைத்த ஐஎஸ்ஓவை எடுக்காமல், மின்ட் 22 வரிசையில் கடைசியாக வந்ததை இறக்குங்கள்.

இறக்கியதும் "செர்ட்யூட்டில் -ஹாஷ்ஃபைல்" கமாண்டில் ஃபைல் பெயரும் எஸ்எச்ஏ256ம் கொடுத்து, வரும் எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பாதி இன்ஸ்டாலில் நிற்பதற்கு முறிந்த ஐஎஸ்ஓவும் பழைய யுஎஸ்பி ஸ்டிக்கும்தான் அடிக்கடி காரணமாகின்றன. 8 ஜிபி ஸ்டிக் போதும். ரூஃபஸ் என்ற யுஎஸ்பி எழுதும் கருவியில் ஜிபிடி, யூஇஎஃப்ஐ தேர்ந்தெடுத்து எழுதுங்கள். பூட் மெனுவில் ஸ்டிக் இரண்டு முறை தெரிந்தால் யூஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டிருப்பதை எடுக்க வேண்டும். மற்றதில் போனால் லினக்ஸ் பழைய முறையில் இன்ஸ்டால் ஆகி, இரண்டும் ஒரே மெனுவில் வராது.

என்விடியா இருப்பதால் இரண்டு விஷயம். லைவ் யுஎஸ்பி கறுப்புத் திரையில் நின்றால் முதல் மெனுவில் காம்பேட்டிபிலிட்டி மோடைத் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது மல்டிமீடியா கோடெக்ஸ் டிக் போட்டால் செக்யூர் பூட்டுக்கு ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். இது லாகின் பாஸ்வேர்ட் இல்லை, ஒரே ஒரு தடவை பயன்படப்போவது. குறைந்தது 8 எழுத்து. எண்களாக வைத்துக்கொள்ளுங்கள், காரணம் அடுத்து வரும் திரை அமெரிக்க கீபோர்டு அமைப்பில்தான் இருக்கும், சிறப்புக் குறியீடுகள் இடம் மாறும்.

இன்ஸ்டால் முடிந்து ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரையில் "பெர்ஃபார்ம் எம்ஓகே மேனேஜ்மென்ட்" என்று வரும் (எம்ஓகே என்பது அந்த டிரைவரில் கையொப்பமிட்ட சாவி). 10 வினாடிதான் காத்திருக்கும். அதற்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்தி, என்ரோல் எம்ஓகே, கன்டினியூ, யெஸ், பிறகு அந்தப் பாஸ்வேர்ட், கடைசியாக ரீபூட். இதை வைரஸ் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. தாண்டினால் லினக்ஸ் வரும், ஆனால் என்விடியா டிரைவர் லோட் ஆகாது, ரெசொல்யூஷன் குறைவாக நிற்கும். அப்போது "சூடோ எம்ஓகேயூட்டில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்டு/எம்ஓகே/எம்ஓகே.டிஇஆர்" கொடுத்து, புதுப் பாஸ்வேர்ட் வைத்து, ரீஸ்டார்ட் செய்தால் அதே நீலத் திரை மறுபடி வரும்.

வெண்பலகை:

நன்றி. ரெக்கவரி கீ எழுதியாகிவிட்டது, அக்கவுண்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறது. ஈவென்ட் 259இல் வந்தது பேஜ்ஃபைல். அதை நிறுத்தி ரீஸ்டார்ட் செய்ததும் 1,18,000 எம்பிக்கு மேல் காட்டியது, 102400 எடுத்துவிட்டேன். இப்போதைக்கு ஒரே டிஸ்கில்தான்.

லைவ் யுஎஸ்பி பூட் ஆகிறது. வைஃபை, டச்பேட், சவுண்ட் எல்லாம் சரி. ஆனால் இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டியே தெரியவில்லை, யுஎஸ்பி ஸ்டிக் மட்டும்தான் தெரிகிறது.

முனையம்:

பயாஸில் ஸ்டோரேஜ் பகுதியைப் பாருங்கள். இன்டெல் மெஷின் என்றால் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருக்கும். அந்த முறையில் டிஸ்க் கன்ட்ரோலருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. புதிய கெர்னல்கள் பல மெஷின்களில் இன்டெலின் விஎம்டி முறையைத் தாங்களே சமாளித்துவிடும். தெரியவில்லை என்றால் மட்டும் ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றுங்கள்.

நேரடியாக மாற்றிவிட்டு விண்டோஸைத் திறந்தால் "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத் திரையில் விழும். ஏஎச்சிஐ டிரைவரை ஆரம்பத்திலேயே லோட் செய்யும்படி அது அமைக்கப்படவில்லை, காரணம் அவ்வளவுதான். வரிசை இப்படி: விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் டேபில் சேஃப் பூட், மினிமல் டிக் போடுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது நேரே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ ஆக்கிச் சேமியுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழும், அப்போது தேவையான டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். மறுபடி எம்எஸ்கான்ஃபிக்கில் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட்.

இதில் இரண்டு இடத்தில் கால் இடறும். சேஃப் மோடில் பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம், அக்கவுண்டின் முழுப் பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்க வேண்டும். பிட்லாக்கரை ரீபூட்கவுண்ட் 0 போட்டு நிறுத்தியிருப்பதால் கீ கேட்காது. கேட்டாலும் எழுதிவைத்ததைப் போடுங்கள்.

டிஸ்க் தெரிந்த பிறகு இன்ஸ்டாலரில் "இரேஸ் டிஸ்க்" பக்கமே போக வேண்டாம். "இன்ஸ்டால் அலாங்சைட்" வேலை செய்யும், ஆனால் எந்த இடத்தில் என்ன செய்யப்போகிறது என்று முழுதாகக் காட்டாது. "சம்திங் எல்ஸ்" எடுங்கள். பட்டியலில் ஃப்ரீ ஸ்பேஸ் என்று 107374 எம்பி பக்கத்தில் ஒரு வரி இருக்கும். இங்கே 1000ஆல் கணக்கிடுவதால் எண் பெரிதாகத் தெரிகிறது, நீங்கள் எடுத்த அதே 102400தான். அதைத் தேர்ந்தெடுத்துப் பிளஸ் குறியை அழுத்துங்கள். முழு அளவையும் கொடுத்து, யூஸ் ஆஸ் என்ற இடத்தில் எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல் சிஸ்டம்), மவுண்ட் பாயிண்டில் வெறும் ஸ்லாஷ். ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் இடம்) பார்ட்டிஷன் தனியாக வேண்டாம், ஸ்வாப் ஃபைலை இன்ஸ்டாலரே உருவாக்கிக்கொள்ளும். ஹோமுக்குத் தனி பார்ட்டிஷன் போடுவது சிலரின் பழக்கம். 100 ஜிபியில் அப்படிப் பிரித்தால் ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் காலியாகக் கிடக்கும், ஒரே பார்ட்டிஷனாக விடுவதே மேல்.

விண்டோஸின் இஎஸ்பி அதே பட்டியலில் இஎஃப்ஐ என்று தெரியும். அதன் ஃபார்மட் கட்டத்தில் டிக் இருக்கவே கூடாது. இரண்டு ஓஎஸ்ஸும் அதைப் பகிர்ந்துகொள்ளும், லினக்ஸுக்கு அதில் சில எம்பிதான் தேவை, 100 எம்பி இஎஸ்பியே போதும்.

இன்ஸ்டால் நவ் அழுத்தியதும் ஒரு சிறு பெட்டி வரும்: எந்தெந்த பார்ட்டிஷன் ஃபார்மட் ஆகப்போகிறது என்று. இதுவரை டிஸ்கில் எதுவுமே எழுதப்படவில்லை, இதுதான் கடைசிக் கதவு. அதில் எக்ஸ்ட்4 என்ற ஒரே ஒரு வரி மட்டும் இருக்க வேண்டும். என்டிஎஃப்எஸ், ஃபேட்32, இஎஸ்பி என்று இன்னொரு வரி இருந்தால் கோ பேக் கொடுத்துத் திரும்புங்கள்.

வெண்பலகை:

இரண்டும் வருகிறது. எம்ஓகே திரையும் சொன்னபடியே வந்தது, என்விடியா சரி. மூன்று சின்னப் பிரச்சினைகள். பயாஸ் பூட் லிஸ்டில் மின்ட் என்று இல்லாமல் உபுண்டு என்று இருக்கிறது. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் கடிகாரம் சில மணி நேரம் தள்ளிக் காட்டுகிறது. பிட்லாக்கரைத் திரும்ப எனேபிள் செய்ததிலிருந்து, க்ரப் மெனு வழியாக விண்டோஸுக்குப் போனால் 48 இலக்கக் கீ கேட்கிறது.

பிட்நிழல்:

உபுண்டு என்ற பெயர் சரிதான். மின்ட் உபுண்டுவின் பூட் லோடரையே பயன்படுத்துகிறது, இஎஸ்பிக்குள்ளும் ஃபோல்டர் பெயர் உபுண்டுதான். பின்னால் உண்மையான உபுண்டுவையும் அதே இஎஸ்பியில் போட்டால் இரண்டும் ஒரே ஃபோல்டரில் ஒன்றின் மேல் ஒன்று எழுதும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கடிகாரம்: மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் யூடிசியாக (உலகப் பொது நேரம்) படிக்கிறது. தள்ளிப்போகும் நேரம் உங்கள் டைம் சோனின் வித்தியாசத்துக்குச் சமமாக இருக்கும். எளிய வழி, லினக்ஸில் "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1". விண்டோஸை மாற்ற விரும்பினால் ரெஜிஸ்ட்ரியில் கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், டைம்சோன்இன்ஃபர்மேஷன் என்று போய் ரியல்டைம்இஸ்யூனிவர்சல் என்ற பெயரில் டிவேர்டு ஒன்று உருவாக்கி மதிப்பு 1 கொடுக்கலாம். கோடைகால நேர மாற்றம் உள்ள இடங்களில் இந்த இரண்டாவது வழிதான் சுத்தம், இல்லையென்றால் இரண்டு ஓஎஸ்ஸும் போட்டி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்தைக் கூட்டிக் குறைக்கும். ஏதாவது ஒன்றை மட்டும் செய்யுங்கள். இரண்டையும் செய்தால் மறுபடி நேரம் தவறும், இம்முறை எதிர்த்திசையில்.

பிட்லாக்கர் கீ கேட்பது கோளாறு அல்ல. மெஷின் எந்தெந்த பூட் லோடர் வழியாக எழுந்தது, அவை எந்தச் சான்றிதழால் சரிபார்க்கப்பட்டன என்பதை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் அளந்து வைக்கிறது. நேராக விண்டோஸ் பூட் மேனேஜருக்குப் போனால் ஒரு அளவு. ஷிம், க்ரப் வழியாகச் சுற்றிப் போனால் வேறு அளவு. சீல் செய்தபோது இருந்ததோடு ஒத்துப்போகாததால் டிபிஎம் சாவியைத் தர மறுக்கிறது. பாதுகாப்பு தன் வேலையைச் செய்கிறது என்றுதான் அர்த்தம், இதற்காக என்கிரிப்ஷனை எடுத்துவிடாதீர்கள். விண்டோஸ் வேண்டும்போது க்ரப் மெனுவைத் தவிர்த்து ஃபர்ம்வேரின் பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள். அந்த மெனுவுக்கான கீ மெஷினுக்கு மெஷின் மாறும், எஃப்12, எஃப்9, எஸ்கேப் இவற்றில் ஒன்றாக இருக்கும். தினமும் அதிகம் பயன்படுத்துவது விண்டோஸ் என்றால் அதையே பூட் வரிசையில் முதலில் வைத்துவிட்டு, லினக்ஸை அந்தக் கீ மூலம் திறப்பது வசதி.

இரட்டைச்சுழி:

இன்னொரு நாள் இந்த இழையைத் தேடி வர்றவங்களுக்காக ரெண்டு விஷயம் சேர்க்கிறேன்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு க்ரப் மெனு வராம நேரா விண்டோஸ் திறந்தா லினக்ஸ் அழிஞ்சிடுச்சுன்னு பயப்பட வேண்டாம். யூஇஎஃப்ஐல ஃபைல் அப்படியே இருக்கும், வரிசைதான் மாறியிருக்கும். பூட் மெனு கீ அழுத்தி உபுண்டுவைத் தேர்ந்தெடுத்து உள்ள போய் "சூடோ இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்" ஓட்டினா பூட்0000, பூட்0003ன்னு எண்களோட பட்டியல் வரும். உபுண்டு 0003, விண்டோஸ் 0000ன்னா "சூடோ இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் -ஓ 0003,0000". உங்க எண் வேறயா இருக்கும், பார்த்துப் போடுங்க. பிசிடிஎடிட் வெச்சு விண்டோஸோட பூட்எம்ஜிஆர் பாத்தை ஷிம்முக்கு மாத்தச் சொல்லி நிறைய இடத்துல எழுதியிருப்பாங்க. அது விண்டோஸோட சொந்தப் பதிவையே திரிக்கிற வேலை, தேவையில்லை.

க்ரப் வருது, ஆனா அதுல விண்டோஸ் இல்லைன்னா காரணம் வேற. 2021ல வந்த க்ரப் 2.06ல இருந்து மற்ற ஓஎஸ்களைத் தேடுற ஓஎஸ்-ப்ரோபர் வசதி இயல்பா ஆஃப். /இடிசி/டீஃபால்ட்/க்ரப் ஃபைல்ல க்ரப்_டிசேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ்னு ஒரு வரி சேர்த்து (ஃபைல்ல ஃபால்ஸ் மட்டும் சின்ன எழுத்து, மத்தது பெரிய எழுத்து) "சூடோ அப்டேட்-க்ரப்" ஓட்டுங்க.

லினக்ஸை நீக்கணும்னா வரிசை முக்கியம். முதல்ல பயாஸ்ல விண்டோஸ் பூட் மேனேஜரை முதல் இடத்துக்குக் கொண்டுவந்து, ரீஸ்டார்ட் பண்ணி, நேரா விண்டோஸ் வருதான்னு பாருங்க. அதுக்கப்புறம்தான் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை டெலிட் பண்ணணும். தலைகீழா செஞ்சா க்ரப் தன்னோட கான்ஃபிக் ஃபைலைத் தேடிக் கிடைக்காம "க்ரப்>"னு ஒரு வரியோட நிக்கும். அப்பவும் பூட் மெனு கீ மூலமா விண்டோஸுக்குப் போயிடலாம். பார்ட்டிஷன் போன பிறகு அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல "மவுண்ட்வால் எஸ்: /எஸ்" கொடுத்தா இஎஸ்பி எஸ் டிரைவா திறக்கும். அதுக்குள்ள இஎஃப்ஐ ஃபோல்டர்ல உபுண்டுவை மட்டும் அழிங்க. பக்கத்துல மைக்ரோசாஃப்ட், பூட்னு ரெண்டு ஃபோல்டர் இருக்கும், அதைத் தொடக் கூடாது. முடிஞ்சதும் "மவுண்ட்வால் எஸ்: /டி". சி டிரைவை நீட்டும்போது காலியிடம் அதுக்கு ஒட்டி வலது பக்கத்துல இருந்தாத்தான் எக்ஸ்டெண்ட் வால்யூம் வேலை செய்யும். இங்க நடுவுல வேற பார்ட்டிஷன் இல்லாததால 102400 எம்பியும் அப்படியே திரும்ப சேர்ந்துடும்.